மோரிஸ் காளை

இசபெல்லாவுக்கு வந்த முதல் வரன் ஒரு பல்லால் கெட்டது. கம்பைநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தான். பெண்ணின் அண்ணன் சின்னப்பராஜ் அவன் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "மேல் வரிசையில வலது பக்கம் ரெண்டாவது ஒரிஜினல் இல்லீங்களே. எங்க போட்டீங்க? கலரு அருமையா மேட்ச் பண்ணியிருக்கான்" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். மாப்பிள்ளை மூடிய வாயை வாசல் தாண்டும்வரை திறக்கவில்லை.

இரண்டாவது வரன் வாட்சால் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா, சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். சின்னப்பராஜ் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மேல்மூடி மட்டும்தாங்க சிங்கப்பூரு" என்றான்.

அவனைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. தொழில் அவனை அப்படிப் பழக்கியிருந்தது. இளவயதில் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் பழைய இங்கிலீஷ் கார்களின் சாமான்களைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்தவன். இப்போது தர்மபுரியில் ஒரு லாரி கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். ஆனாலும் வருஷா வருஷம் பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் கண்காட்சி நடத்தும்போது அவனைக் கூப்பிட்டுவிடும். என்ஜினையும் பெயிண்டையும் பெரிய மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். திருகு, குமிழ், கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, மூடி என்று சின்னச் சாமான்கள் வண்டியோடு பிறந்தவையா, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டவையா என்று பார்த்து மார்க் போடுவது சின்னப்பராஜ். சட்டையில் சங்கத்தின் பேட்ஜைக் குத்திக்கொண்டு டார்ச் விளக்கோடு அவன் குனிந்தால், கோடீஸ்வரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவனுக்குச் சொந்தமாக இருந்த வாகனம் ஒரு சைக்கிள்.

எண்பத்தாறாம் வருஷக் கடைசியில் மூன்றாவது வரன் வந்தது. கொண்டுவந்தவர் உபதேசியார் சவுரியப்பன். மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு ஜெப மந்திரங்கள் சொல்லிக்கொடுத்த நேரம் போக, ஊர் ஊராகக் கல்யாணம் பேசுவார். பையன் காரிமங்கலம் பக்கம், பெயர் இன்னாசிராஜ், கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். அப்பா யாகப்பனுக்கு மாந்தோப்பும் கடலைக்காடும் உண்டு. பையன் வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த இசபெல்லா அதிகம் பேசுகிறவள் இல்லை. "உள்ள வர்றப்ப செருப்ப ஒதுக்கி நேரா வெச்சுட்டு வந்தாரு" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பாக்கியமேரிக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கவேண்டும். உபதேசியார் கிளம்பும்போது செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஒரு விஷயம். யாகப்பன்கிட்ட பழைய காரு ஒண்ணு இருக்குது. மோரிஸ். துருப்பிடிச்சுக் கெடந்தத வாங்கி, ஏழு வருஷமா அவரே பிரிச்சு மாட்டி ஓட வெச்சிருக்காரு. வர்றவங்கள அதைக் காட்டாம விடமாட்டாரு."

பாக்கியமேரி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலமே புருஷனை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள்.

"அவரு எதைக் காட்டினாலும் என்னா சொல்லுவீங்க?"

"ஒரிஜினல்."

"நட்டு போல்ட்டக் காட்டினா?"

"ஒரிஜினல்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க பாப்போம்."

சிரித்துக்கொண்டே சொன்னான். பல்வலிக்காரன் சிரித்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் பிடித்துப் போனார்கள். யாகப்பன் தேய்த்த சட்டையோடு வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். அடர்ந்த மீசை, பெரிய கைகள். அவர் மனைவி ராஜமேரி கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவர் மூன்று தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கடைசியில், "தம்பி, பெங்களூருல கார் பாக்கற ஜட்ஜுன்னு உபதேசியார் சொன்னாரு. நம்மகிட்ட ஒண்ணு கெடக்குது, வந்து பாருங்க" என்று அழைத்துப் போனார்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. வண்டியை ஒரு பழைய சேலையால் மூடியிருந்தது. திருவிழாவில் மாதா சொரூபத்தின் திரையை விலக்குவது போல யாகப்பன் அதை மெதுவாக இழுத்தார். முப்பத்தாறாம் வருஷத்து மோரிஸ். கறுப்புப் பெயிண்ட் முகம் பார்க்கும்படி இருந்தது. என்ஜினும் பாடியும் நல்ல வேலைக்காரன் கைபட்டவை என்று சின்னப்பராஜுக்கு உடனே தெரிந்தது. அதற்கு அடுத்த நொடி அவன் கண் சின்னச் சாமான்களுக்குப் போயிற்று.

"இது எப்படிங்க?" என்று கியர் குமிழைத் தொட்டார் யாகப்பன்.

மரக்கட்டை, கறுப்புப் பாலிஷ். "ஒரிஜினல்ங்க" என்றான் சின்னப்பராஜ்.

யாகப்பன் அவனை ஒருமுறை பார்த்தார். ஹாரனை அழுத்தினார். கொட்டகைக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. லாரிக்காரர்கள் கணவாயில் அடிப்பது போன்ற சத்தம்.

"ஒரிஜினல்ங்க."

"ஜன்னல் கண்ணாடி ஏத்தற கைப்பிடி?"

"ஒரிஜினல்."

கேட்கக் கேட்க யாகப்பனின் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. கொண்டுவந்து போட்டிருந்த ஸ்டூலில் அவர் உட்காரவே இல்லை. சின்னப்பராஜ் அதைக் கவனிக்கும் நிலைமையில் இல்லை. ஒவ்வொரு 'ஒரிஜினலு'க்கும் மனசுக்குள் ஒரு பூஜ்ஜியம் போட்டுக்கொண்டிருந்தான். வண்டியின் முன்பக்கம் வந்தபோதுதான் அந்தச் சின்னத்தைப் பார்த்தான்.

மோரிஸ் கம்பெனியின் சின்னம் ஆற்றில் இறங்கும் சிவப்புக் காளை. ரேடியேட்டரின் உச்சியில், காலடியில் அலைகளோடு நிற்கும். அது இங்கிலீஷ் காளை. அந்த ஊர் மாட்டுக்குத் திமில் கிடையாது, முதுகு மேஜை போலத் தட்டையாக இருக்கும். யாகப்பன் வண்டியில் நின்ற காளைக்கோ செம்பைக் கவிழ்த்து வைத்தது போலத் திமில் இருந்தது.

சின்னப்பராஜுக்குப் புரையேறிவிட்டது. பாக்கியமேரி முதுகில் தட்டுகிற சாக்கில் கிள்ளினாள். கொட்டகை வாசலில் நின்றிருந்த ராஜமேரி யாரும் கேட்காமலே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பை அவன் கையில் கொடுக்கும்போது அவள் கண் காளையின் மேல் இருந்தது.

"இதுவும் ஒரிஜினல்தானுங்களே?" என்றார் யாகப்பன்.

"ஆமாங்க" என்று கண்ணீரோடு சொன்னான் சின்னப்பராஜ்.

பஸ்ஸில் திரும்பும்போது பாக்கியமேரி அவனுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவனை அவள் அவ்வளவு மெச்சியதில்லை.

நாலாம் நாள் உபதேசியார் வந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"யாகப்பன் வேண்டாம்னுட்டாரு."

"ஏனாம்?" என்றாள் பாக்கியமேரி. "இவரு ஒரு வார்த்தை தப்பாப் பேசலையே!"

"அதாம்மா தப்பாப் போச்சு. அந்தக் கியர் குமிழ் அவுங்க வூட்டுக் கட்டில் கால்ல அவரே கடைஞ்சதாம். அதைப் போயி தம்பி ஒரிஜினல்னுடுச்சு. 'ஏழு வருஷமா ஒரு விவரம் தெரிஞ்ச ஆளு வந்து குத்தம் குறை சொல்லமாட்டானான்னு காத்துக்கிட்டிருந்தேன். ஜட்ஜு வர்றாருன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. வந்தவரு கட்டில் காலை இங்கிலாந்துன்னுட்டுப் போயிட்டாரு. ஒண்ணு அவருக்கு ஒண்ணுந்தெரியாது. இல்ல, எதையாவது சொல்லிப் பொண்ணத் தள்ளிவிட்டாப் போதும்னு வந்திருக்காரு. அப்ப பொண்ணுகிட்ட என்னா கோளாறோ' அப்படீங்கறாரு."

கதவுக்குப் பின்னால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த இசபெல்லா சிவப்புப் பேனாவோடு வெளியே வந்தாள். அவள் அப்படிக் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"என்னையும் டூப்ளிகேட்டுன்னு நெனச்சிட்டாங்களா? அண்ணா, பல்லப் பாத்துச் சொன்ன, வாட்சப் பாத்துச் சொன்ன. சொல்லவேண்டிய எடத்துல வாயை மூடிக்கிட்டு வந்திருக்க. போ. நாளைக்கே போயி ஒரு திருகு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டு வா. கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்கலேன்னாலும் சரி."

"மாதா முன்னாடி சத்தியம்..." என்று இழுத்தான் சின்னப்பராஜ்.

"அத நான் பங்குச் சாமியார்கிட்ட சொல்லிக்கறேன், போங்க" என்றாள் பாக்கியமேரி.

இந்தத் தடவை அவன் பெங்களூருக்குப் போகிற முறையிலேயே போனான். டார்ச், பூதக்கண்ணாடி, வெள்ளைத் துணி, சட்டையில் பேட்ஜ். கூடவே பாக்கியமேரி. யாகப்பன் களத்தில் கடலைக்காயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

"உபதேசியார் சொல்லலீங்களா?"

"சொன்னாருங்க ஐயா. வண்டிய இன்னொரு தரம் தொறந்து காட்டுங்க. மார்க் போடணும்."

"அதான் அன்னைக்கே நூத்துக்கு நூறு போட்டுட்டீங்களே."

"அது என் சம்சாரம் போட்ட மார்க்குங்க."

யாகப்பன் நிமிர்ந்து பாக்கியமேரியைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சுற்றிக்கொண்டு பல் கதையையும் வாட்ச் கதையையும் சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். கேட்கும்போது யாகப்பனின் மீசை இரண்டு தடவை அசைந்தது. அவர் கைத்தூசியைத் தட்டிவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

சேலையை விலக்கியதும் சின்னப்பராஜ் தொடங்கிவிட்டான்.

"ஹாரன் லாரி ஹாரன். பெட்போர்டு. அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு மாடல்."

"அறுபத்திமூணு" என்றார் யாகப்பன். "பாலக்கோட்டு ரோட்டுல கவுந்து கெடந்த வண்டி." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கதவுல திருகு பூராவும் கூட்டல் குறி போட்டது. அந்த வருஷத்து மோரிஸுல ஒத்தக் கோடுதான் இருக்கும். இதை மாட்டினவர அன்னைக்கே கூப்பிட்டுக் கேக்கணும்னு இருந்துச்சுங்க."

"நான்தான். கேளுங்க, கேளுங்க."

"ரேடியேட்டர் மூடி டீசல் பம்புசெட்டோடது. வைப்பர் அம்பாசிடர், நீளம் பத்தலேன்னு வெட்டி ஒட்டியிருக்கு. கண்ணாடி ஏத்தற கைப்பிடி தையல் மெஷினுது."

"என்னோட மெஷினு" என்று வாசலிலிருந்து ராஜமேரியின் குரல் வந்தது. "அதுல துணி தெச்சு ஆறு வருஷம் ஆவுது."

யாகப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் முகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மலர்ந்துகொண்டு வந்தது. "ராஜமேரி, காபி போடு. வேணாம், கோழி அடி" என்றார். சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த இன்னாசிராஜ், அப்பாவின் வண்டியை ஒருவன் இப்படித் திட்ட அப்பா இப்படிச் சந்தோஷப்படுவதை நம்பமுடியாமல் நின்றான்.

அந்தக் காலத்துக் கார்களில் திரும்பும் பக்கத்தைக் காட்ட ஒரு சின்னக் கை பக்கவாட்டில் நீளும். சின்னப்பராஜ் அதை இழுத்து டார்ச் அடித்தான்.

"ஆரஞ்சு பிளாஸ்டிக். சோப்பு டப்பா."

"என்னா சோப்பு? அதையும் சொல்லுங்க பாப்போம்" என்றார் யாகப்பன்.

சின்னப்பராஜ் மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்தான். "சந்தனம்."

யாகப்பன் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "டேய் இன்னாசி, இவரு மனுஷன்டா!"

"கியர் குமிழ் வேப்ப மரம்" என்றான் சின்னப்பராஜ்.

"பூவரசு!" என்று கத்தினார் யாகப்பன். ஒன்றிலாவது தான் ஜெயித்ததில் அவருக்கு இன்னும் சந்தோஷம்.

ஆனால் சின்னப்பராஜுக்கு நிறுத்தத் தெரியாது. அடுத்து முன்பலகையில் இருந்த வேகமானியின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தான். "இது ஆஸ்டின் வண்டியோடதுங்க. முகத்த மட்டும் மாத்தி ஒட்டியிருக்கான்."

யாகப்பனின் சிரிப்பு நின்றது. அது அவருக்கே தெரியாத சங்கதி. விற்றவன் குழந்தைமேல் சத்தியம் செய்து கொடுத்த சாமான். மீசையைத் தடவிக்கொண்டார்.

"சரி, போவட்டும். முன்னாடி வாங்க தம்பி. இந்தக் காளை ஒண்ணு போதும் எனக்கு. வண்டி மண்ணுல புதைஞ்சு கெடந்தப்ப மொதல்ல கண்ணுல பட்டதே இதுதான். இதுக்காகத்தான் வண்டியவே வாங்கினேன். இதுல மட்டும் ஒரு குத்தம் சொல்ல முடியாது உங்களால."

"சாப்பாடு ஆறுது, வாங்க" என்றாள் ராஜமேரி.

"இரு."

"கொழம்பு ஆறிட்டா நல்லா இருக்காதுங்க. தம்பி, எலை போட்டாச்சு, வாங்க சாமி."

சின்னப்பராஜ் முன்னால் வந்து மண்டியிட்டான். பூதக்கண்ணாடியில் காளை பெரிதாக வந்தது. கம்பெனிச் சின்னத்தில் இருக்கும் எனாமல் பூச்சு இல்லை, பித்தளையில் வார்த்து மேலே பெயிண்ட் அடித்திருந்தது. திமில். பின்னால் வளைந்த கொம்பு. அன்றைக்குக் கவனிக்காத ஒன்றையும் இப்போது கண்டான். காளையின் கழுத்தில் கயிறும் கயிற்றில் மணியும் இருந்தன.

வாயைத் திறந்து தலையை நிமிர்த்தினான். யாகப்பனின் தோளுக்குப் பின்னால், குழம்புக் கரண்டியோடு ராஜமேரி நின்றிருந்தாள். கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. மற்றக் கையைக் கும்பிடுவது போல நெஞ்சருகே வைத்திருந்தாள்.

சின்னப்பராஜுக்கு விளங்கிவிட்டது. அவனைப் போன்ற ஆளுக்கும் விளங்கும்படிதான் அவள் முகம் இருந்தது. இந்தப் பக்கம் பொய் சொன்னால் மறுபடியும் கட்டில் கால் கதை. உண்மையைச் சொன்னால் அந்தம்மாள் கதி என்ன? வியர்த்தது. வெள்ளைத் துணியால் காளையை ஒருமுறை துடைத்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஐயா, பெங்களூருல எத்தனையோ மோரிஸ் பாத்துட்டேன்ங்க. இந்த மாதிரி ஒரு காளைய நான் வேற எந்த வண்டியிலயும் பாத்ததில்ல."

யாகப்பனின் கண் கலங்கியது. இரண்டு கைகளாலும் அவனைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். "சாப்பிட வாங்க. பொண்ண எப்ப அனுப்பறீங்க?" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது ராஜமேரி தண்ணீர் ஊற்றிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்த சமயம். திரும்பி வரும்போது பளபளவென்று இருக்கட்டுமே என்று அந்தச் சின்னத்தைக் கழற்றிப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். எனாமல் உரிந்து வந்துவிட்டது. பதறியதில் கை நழுவி ஆட்டுக்கல்லில் விழுந்து இரண்டாகப் போயிற்று. சந்தையில் மாட்டுமணி வார்க்கும் மாது என்பவனிடம் ஓடினாள்.

"காளை வேணும்னுதான் சொன்னேன். அவன் மணி செய்யறவன், மணியும் கட்டிக் குடுத்துட்டான். திமில் எதுக்குடான்னு கேக்க எனக்கு மட்டும் தெரியுமா? மாடுன்னா திமில் இருக்கும்னு நானும் மாட்டிட்டேன். அவரும் தெனமும் தொடைக்கறாரு. மாடு வளக்கற மனுஷன், ஒருநாளும் சந்தேகப்படல."

"அவருக்கும் மாடுன்னா திமில் இருக்கணுமுங்களே அத்தை" என்றான் சின்னப்பராஜ்.

நிச்சயம் முடிந்தது. ஏப்ரல் மாதம் ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று பேசினார்கள். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாகப்பன் விடவில்லை. சின்னப்பராஜ் சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்கத் தொடங்கினார். இரண்டு பேருமாகப் பெங்களூர் போய்ப் பழைய கடைகளைக் குடைந்து ஹாரனும் குமிழும் வேகமானியும் வாங்கிவந்தார்கள். ஒற்றைக்கோட்டுத் திருகு ஒவ்வொன்றாக ஏறியது. தையல் மெஷினுக்கு அதன் கைப்பிடி திரும்பி வந்தது. பிப்ரவரியில் பெங்களூர் சங்கம் அப்போது தர்மபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் ஒரு கண்காட்சி வைத்தது. நம் மாவட்டத்துக்குள்ளேயே வருகிறார்கள், போகாமல் இருப்பதா என்று யாகப்பன் பெயர் கொடுத்துவிட்டார்.

சின்னப்பராஜ் எத்தனையோ சொல்லிப் பார்த்தான். வெயில் என்றான், என்ஜின் தாங்காது என்றான், காளையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம், திருடு போய்விடும் என்றான். யாகப்பன் சிரித்தார். ராஜமேரி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஓசூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருபது, முப்பது வண்டிகள் நின்றன. சம்பந்தி வண்டிக்குத் தான் மார்க் போடக்கூடாது என்று சின்னப்பராஜ் முன்பே எழுதிக் கொடுத்திருந்தான். அதனால் மோரிஸைப் பார்க்க வந்தவர் மாதேஸ்வரன் என்கிற ஓசூர்க்காரர். ரிட்டயரான என்ஜினியர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். கதவைத் திறந்து பார்த்தார், ஹாரனை அடித்தார், திருகுகளைப் பார்த்துத் தலையாட்டினார். யாகப்பன் சின்னப்பராஜை முழங்கையால் இடித்தார். மாதேஸ்வரன் முன்பக்கம் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏனப்பா இது, என்னா இது?"

"மோரிஸ் காளைங்க" என்றார் யாகப்பன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"காளை சரி. திமில் ஏது? அந்த ஊருல எந்த மாட்டுக்குத் திமில் இருக்கு? அய்யய்யோ, கழுத்துல மணி வேற!"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வண்டிக்காரர்கள் வந்து கூடினார்கள். யாகப்பன் குனிந்தார். நாலு வருஷமாகத் தினம் துடைத்த காளையை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல, வெகுநேரம் பார்த்தார். பிறகு மாட்டுச் சந்தையில் நிற்பவரைப் போல நிதானமாகச் சொன்னார்.

"இது நம்ம பக்கத்து ஆலம்பாடி மாடு."

யாகப்பன் திரும்பினார். "தம்பி, நீங்க அன்னைக்கு என்னா சொன்னீங்க?"

"வேற எந்த மோரிஸ்லயும் இப்படி ஒரு காளையப் பாத்ததில்லன்னு சொன்னேன் மாமா."

"நானும் பாத்ததில்ல" என்றார் மாதேஸ்வரன்.

கூட்டம் மறுபடி சிரித்தது. யாகப்பனின் காது மடல்கள் சிவந்தன. கல்யாணம் இத்தோடு சரி என்று சின்னப்பராஜ் நினைத்தான். அப்போது ராஜமேரி ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அவரக் கேக்காதீங்க. நான்தான் ஒடைச்சேன். நான்தான் மாதுகிட்ட செய்யச் சொன்னேன். அன்னைக்கு நான் கும்புட்டதப் பாத்துட்டுத்தான் அந்தத் தம்பி அப்படிச் சொல்லிச்சு." அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் அழவில்லை. ஆனால் குரல் மெலிந்துபோயிற்று.

யாகப்பன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாதேஸ்வரன் சிரிப்பை விட்டுவிட்டு, சின்னத்துக்கு நேரே பூஜ்ஜியம் போட்டார். மற்றவற்றுக்கெல்லாம் நல்ல மார்க்தான், ஆனாலும் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. சாயங்காலம்வரை ஜனங்கள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு மணி கட்டிய காளையைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தன் மனைவியை அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். யாகப்பன் யாரையும் தடுக்கவில்லை.

திரும்பும்போது முன்சீட்டில் யாகப்பனும் ராஜமேரியும், பின்னால் சின்னப்பராஜும் இன்னாசிராஜும். சூளகிரி வரைக்கும் ராஜமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். சூளகிரியில் ஒரு டீக்கடை முன்னால் யாகப்பன் வண்டியை நிறுத்தினார். அவரே போய் முதல் கிளாஸை வாங்கிவந்து ஜன்னல் வழியாக ராஜமேரியிடம் நீட்டினார்.

"பழசு எங்க?"

"அரிசி டிரம்முல. அடியில."

"நாலு வருஷமாவா? அந்த டிரம்முலிருந்து நானே எத்தனை தரம் அரிசி அள்ளிக் குடுத்திருக்கேன்!"

"நீங்க எப்ப அள்ளினீங்க?" என்றாள் ராஜமேரி.

இன்னாசிராஜ் டீயைத் துப்பிவிட்டான். யாகப்பன் மகனை முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை, மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியின்மேல் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கொஞ்சம் அடங்கியதும் சின்னப்பராஜைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் பட்டுனு சொல்ற ஆளு, அன்னைக்கு மட்டும் எப்படி அப்படிச் சொன்னீங்க?"

"இசபெல்லா வந்து கூட இருக்கப் போறது அத்தைகூடத்தானுங்களே மாமா."

யாகப்பன் டீயைக் குடித்து முடித்தார். "நல்லவேளை, பொண்ணு பாத்தாச்சு, நிச்சயமும் ஆச்சு. இல்லேன்னா மறுபடியும் பொண்ணுகிட்ட என்னா கோளாறோன்னு கேட்டிருப்பேன்" என்றார். அது கோபமா, கிண்டலா என்று சின்னப்பராஜுக்கு ஊர் போய்ச் சேரும்வரை விளங்கவில்லை.

கல்யாணம் சொன்ன மாதத்தில் நடந்தது. கோவிலிலிருந்து வீட்டுக்கு மணமக்கள் மோரிஸில்தான் போகவேண்டும் என்று யாகப்பன் பிடிவாதமாக இருந்தார். அவரே ஓட்டினார். பக்கத்தில் சின்னப்பராஜ். பின்னால் மாலையோடு இன்னாசிராஜும் இசபெல்லாவும். சந்தைக் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி ஊர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் சின்னப்பராஜ் தலையைச் சாய்த்துக் காதை வெளியே நீட்டினான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டான். திரும்பவும் காதை நீட்டினான்.

இசபெல்லாவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அண்ணா, என்னான்னு சொல்லித் தொலை."

"ஒண்ணுமில்ல. பின் சக்கரத்து மூடி..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் மூடி கழன்றது. வெயிலில் பளபளத்துக்கொண்டு வண்டியை முந்தி உருண்டு, ஆட்டு வியாபாரிகளின் கால்களுக்கு நடுவே புகுந்து போயிற்று. யாகப்பன் பிரேக்கை மிதித்தார். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைதான் இறங்கி ஓடினான்.